குழந்தைக்குக் கார் சீட் போதாமல் போய்விட்டதா? எடை வரம்பைச் சரிபார்க்க ஒரு முழு வழிகாட்டி

என் மகளுக்கு மூன்றரை வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைத் தராசில் ஏற்றி நிறுத்தினேன். 17.6 கிலோ. கார் சீட்டில் ஏதோ ஒரு எண் எழுதியிருந்தது ஞாபகம் இருந்தது. அது 18ஆ 25ஆ என்பதுதான் மறந்துவிட்டது. கீழே போய்ச் சீட்டைக் கழற்றித் துணி உறையைத் தூக்கி, மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்கட் தூளுக்கு நடுவே லேபிள் தெரிந்தது: 9 முதல் 18 கிலோ. இன்னும் 400 கிராம் பாக்கி இருக்கிறது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்புறம் அவளைச் சீட்டில் உட்காரவைத்து, தோள் வார் எங்கிருந்து வருகிறது என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். சீட்டிலேயே உயரமான துளை வழியாகத்தான் வார் வந்துகொண்டிருந்தது. அவள் தோளோ அதற்கு இரண்டு விரற்கடை மேலே இருந்தது. எடையில் 400 கிராம் மிச்சம் இருந்தும், அந்தச் சீட் அவளுக்குப் போதாமல் போய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன. அத்தனை நாளும் அந்தக் குறையோடுதான் அவளை அழைத்துப் போயிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

எடை வரம்பைக் கவனிக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தனியாக வரும் எண் அல்ல. எடை, உயரம், தோள் வாரின் உயரம், தலை இருக்கும் இடம் இத்தனையும் சேர்ந்ததுதான் சீட்டின் வரம்பு. இவற்றில் எது முதலில் முடிகிறதோ அன்றோடு அந்தச் சீட்டின் வேலை முடிந்தது. பல குழந்தைகளுக்கு முதலில் முடிவது எடை அல்ல, உயரம்தான்.

எடைக்கு ஏன் ஒரு வரம்பு?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி 0.07 நொடியில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பவர்கள் மீது புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசை வந்து விழும். 15 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, அந்த ஒரு கணம் 300 கிலோ பாரத்தைத் தாங்கும் பலம் வேண்டும். அம்மாவின் கையால் அது ஆகாது. சீட்டின் வார், தையல், பக்கிள், பிளாஸ்டிக் ஓடு, காரோடு சீட்டைப் பிணைக்கும் கொக்கி எல்லாம் சேர்ந்துதான் அதைத் தாங்க வேண்டும்.

குழந்தை ஒரு கிலோ கூடினால் இந்தக் கணக்கில் 20 கிலோ கூடுகிறது. தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட எடையுள்ள பொம்மைகளை உட்காரவைத்து மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். லேபிளில் உள்ள எண் அந்தச் சோதனையோடு கட்டுண்டது. அதற்கு மேல் போனால் சீட் தாங்குமா தாங்காதா என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. "ஒரு கிலோதானே கூட இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

படி 1: லேபிளைத் தேடிப் பிடியுங்கள்

பெட்டியில் இருந்ததையோ கடைக்காரர் சொன்னதையோ நம்ப வேண்டாம். சீட்டின் மேலேயே ஒட்டியிருக்கும் லேபிள்தான் கணக்கு. பக்கவாட்டிலோ, அடியிலோ, முதுகுப் பகுதியின் பின்புறமோ இருக்கும். சிலவற்றில் துணி உறையைத் தூக்கினால்தான் தெரியும். கிடைத்ததும் மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சீட்டைக் கழற்றும் வேலை மிச்சம்.

ஐரோப்பிய விதிகளின்படி செய்த சீட் என்றால் ஆரஞ்சு நிற லேபிள் இருக்கும். வட்டத்துக்குள் 'E' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிப்பது, அதை எடையென்று நினைத்துவிடாதீர்கள். லேபிளில் ஆர்44 என்று இருந்தால் அது எடையை வைத்துப் பிரித்த பழைய முறை. பிறந்தது முதல் 13 கிலோ வரை ஒரு பிரிவு, 9 முதல் 18 வரை ஒன்று, 15 முதல் 25 வரை ஒன்று, 22 முதல் 36 வரை ஒன்று. ஆர்129 என்றோ ஐ-சைஸ் என்றோ இருந்தால் அது உயரத்தை வைத்துப் பிரித்த புதிய முறை. 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதில் முதலில் கண்ணில் படுவது 40–105 செ.மீ. போன்ற உயரக் கணக்கு. வார் உள்ள சீட் என்றால் அதன் பக்கத்திலேயே அதிகபட்ச எடையும் இருக்கும். உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு அதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

அமெரிக்கச் சீட்டுகளில் எடை பவுண்டிலும் உயரம் அங்குலத்திலும் முன்னால் நிற்கும். 40 பவுண்டு என்பது ஏறக்குறைய 18 கிலோ. 65 பவுண்டு என்பது 29.5 கிலோ.

படி 2: எந்த நிலைக்கு எந்த எண்?

பெற்றோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இப்போது பலர் வாங்குவது ஒரே சீட்டைப் பின்பக்கம் பார்த்தும் முன்பக்கம் பார்த்தும் வைக்கக்கூடிய வகை. இதில் எடை வரம்பு ஒன்றல்ல, இரண்டு. பின்பக்கம் பார்த்து வைக்கும்போது 18 கிலோ வரை, முன்பக்கம் பார்த்து வைக்கும்போது 29.5 கிலோ வரை என்று இருக்கலாம். பூஸ்டராகவும், அதாவது காரின் பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்டாகவும், மாறும் வகை என்றால் மூன்றாவதாக இன்னொரு எண்ணும் இருக்கும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது இவற்றில் பெரிய எண். உங்கள் குழந்தை இன்று எந்த நிலையில் உட்கார்கிறதோ, அந்த நிலைக்கான எண்ணைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பம், குறைந்தபட்ச எண்ணை எல்லையாக நினைத்துக்கொள்வது. ஆர்44 கணக்கில் 9 கிலோ ஆனதும் அடுத்த பிரிவுக்குப் போகலாம் என்று இருக்கிறது. போக வேண்டும் என்று இல்லை. முதல் பிரிவு 13 கிலோ வரை செல்லும். 9க்கும் 13க்கும் இடையில் உள்ள குழந்தை, தலையும் தோளும் இன்னும் உள்ளே அடங்கினால், பழைய சீட்டிலேயே இருப்பது நல்லது. ஒவ்வொரு மாற்றத்திலும் குழந்தை கொஞ்சம் பாதுகாப்பை இழக்கிறது. எவ்வளவு தாமதமாக அடுத்த நிலைக்குப் போகிறோமோ அவ்வளவு நல்லது. அடுத்த சீட்டின் வாசல் திறந்திருக்கிறது என்பதற்காக இந்தச் சீட்டின் வாசல் மூடிவிட்டதாக ஆகாது.

படி 3: வீட்டிலேயே எடை போடுங்கள்

சின்னக் குழந்தை தராசில் அசையாமல் நிற்காது. நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், எண்ணைக் குறியுங்கள். குழந்தையை இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் ஏறுங்கள். கழித்தால் குழந்தையின் எடை. இதை மூன்று முறை செய்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தராசு கெட்டியான தரையில் இருக்கட்டும். கம்பளத்தின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும்.

குழந்தை காரில் எப்படி வருமோ அதே உடையில், செருப்போ ஷூவோ போட்ட நிலையில் நிறுத்துங்கள். சீட் தாங்கப்போவது அந்த எடையைத்தான். வரம்பை நெருங்கும்போது சில நூறு கிராமும் கணக்கில் வரும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? முதல் வருடத்தில் குழந்தை வெகு வேகமாக வளரும். பிறந்த எடை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். அப்போது மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்குச் சுமார் 2 கிலோ, 6–7 செ.மீ. என்று வேகம் குறைந்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். இந்த வேகத்தை வைத்து மிச்ச நாளையும் கணிக்கலாம். என் மகளுக்கு 400 கிராம் பாக்கி இருந்தது என்றேன் அல்லவா? வருடத்துக்கு 2 கிலோ என்றால் அது இரண்டரை மாதம்கூட இல்லை. வரம்புக்கு ஒரு கிலோ இருக்கும்போதே அடுத்த சீட்டைத் தேடத் தொடங்கினால்தான் அவசரத்தில் எதையாவது வாங்கும் நிலை வராது.

படி 4: தோளையும் தலையையும் பாருங்கள்

எடை பார்த்த கையோடு இதையும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. குழந்தையை முதுகும் இடுப்பும் சீட்டின் பின்பக்கத்தோடு ஒட்டும்படி உட்காரவையுங்கள். சரிந்து உட்கார்ந்தால் எல்லா அளவும் தப்பாகிவிடும்.

சீட் பின்பக்கம் பார்த்து இருந்தால், தோள் வார் குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். கார் மோதும்போது குழந்தை சீட்டின் ஓட்டோடு ஒட்டி மேல்நோக்கி வழுக்கப் பார்க்கும். கீழிருந்து வரும் வார்தான் அதை இழுத்துப் பிடிக்கும். தலை உச்சிக்கும் ஓட்டின் மேல் விளிம்புக்கும் இடையே 2.5 செ.மீ. இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சீட்டுகளில் பொதுவாக உள்ள கணக்கு. ஒரு தட்டையான புத்தகத்தைத் தலையில் வைத்து நேராகப் பின்னால் தள்ளினால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். வேறு சில சீட்டுகளில் தலை உச்சி விளிம்பைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்று இருக்கும். உங்கள் சீட்டின் மேனுவல் சொல்வதே முடிவு.

சீட் முன்பக்கம் பார்த்து இருந்தால் கணக்கு தலைகீழ். இப்போது வார் தோளுக்கு நேராகவோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். குழந்தை முன்னால் பாயும்போது, தோளுக்குக் கீழிருந்து வரும் வார் தோளைக் கீழே அமுக்கி முதுகெலும்பின் மேல் பாரத்தை ஏற்றிவிடும். என் மகளின் சீட்டில் இருந்த கோளாறு இதுதான். காதின் மேல்நுனி சீட்டின் முதுகு விளிம்பைத் தாண்டினாலும் சீட் போதவில்லை என்றே அர்த்தம்.

ஒரே உயரமுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்குச் சீட் சரியாக இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. கால் நீளமான குழந்தை உட்கார்ந்தால் உயரம் குறைவாகத் தெரியும். உடல் நீளமான குழந்தைக்கு, சுவரில் நிறுத்தி அளந்த உயரம் வரம்புக்குள் இருந்தாலும் தோள் மேலே போய்விட்டிருக்கும். அதனால் சுவரில் போட்ட பென்சில் கோட்டை மட்டும் நம்பாதீர்கள்.

கடைசியாக, வாரை மாட்டி இறுக்குங்கள். தோளெலும்பின் அருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபடாவிட்டால் இறுக்கம் சரி. வாரை முழு நீளத்துக்கு விட்டும் பக்கிள் எட்டவில்லை என்றால், முதலில் தடித்த ஜாக்கெட் ஏதும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். அடுத்து, கால்களுக்கு நடுவே வரும் பக்கிளை முன்னால் தள்ளி வைக்க இன்னொரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் எட்டவில்லை என்றால் லேபிள் என்ன சொன்னாலும் சீட் போதாது.

படி 5: ஐசோஃபிக்ஸ் கொக்கிக்குத் தனிக் கணக்கு

இதைப் பற்றிப் பலருக்குத் தெரியவே தெரியாது. சீட்டைக் காரோடு பிணைக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் குழந்தையை மட்டுமல்ல, சீட்டின் எடையையும் சேர்த்துத் தாங்குகின்றன. ஆர்129 விதியில் சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டக் கூடாது. சீட் 13 கிலோ என்றால் குழந்தைக்கு மிஞ்சுவது 20 கிலோ. இப்போதைய சீட்டுகள் கனமானவை, அதனால் இந்தக் கணக்கு சீக்கிரமே முடிந்துவிடுகிறது. அமெரிக்கக் கணக்கில் சீட்டும் குழந்தையும் சேர்ந்து 65 பவுண்டு.

கொக்கியின் வரம்பு முடிந்தால் சீட்டே முடிந்தது என்று எப்போதும் ஆகாது. காரின் சீட் பெல்ட்டாலும் கட்டலாம் என்று மேனுவல் அனுமதித்தால், பெல்ட்டுக்கு மாற்றிக்கொண்டு வாரின் வரம்பு வரை அதே சீட்டைப் பயன்படுத்தலாம். பெரும்பாலான அமெரிக்கச் சீட்டுகள் இப்படித்தான். முன்பக்கம் பார்த்த சீட் என்றால் சீட்டின் மேற்பகுதியைக் காரோடு பிணைக்கும் மேல்வார், அதாவது டாப் டெதர், காரில் மாட்டப்பட்டே இருக்கட்டும். மோதலில் தலை எவ்வளவு தூரம் முன்னால் போகிறது என்பதைக் குறைப்பது அதுதான். பெல்ட்டால் கட்ட வழியே இல்லாத ஐ-சைஸ் சீட்டாக இருந்தால் அத்தோடு அதற்கு விடை கொடுக்க வேண்டியதுதான்.

பூஸ்டர் சீட்டில் உள்ள ஐசோஃபிக்ஸ் வேறு விஷயம். அங்கே குழந்தையைத் தாங்குவது காரின் பெல்ட். கொக்கி சீட்டை நகராமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே.

சீட் போதவில்லை என்று தவறாக நினைக்கவைப்பவை

என் மகன் ஒன்றரை வயதில் பின்பக்கம் பார்த்த சீட்டில் காலை மடக்கி, பாதத்தைக் கார் சீட்டின் முதுகில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என் அம்மா ஒவ்வொரு முறையும், "பிள்ளை காலை மடக்கிக்கிட்டே வருது, பாவம், திருப்பி வையேன்" என்பார். அம்மாவின் பரிவு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் குழந்தைகள் தரையிலும் அப்படித்தான் சம்மணமிட்டும் மடக்கியும் உட்கார்கிறார்கள், அது அவர்களுக்குச் சிரமமே இல்லை. கால் மடங்குவது சீட் போதாததன் அடையாளம் அல்ல.

பின்பக்கம் பார்த்து வைப்பது காப்பாற்றுவது கழுத்தை. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. கழுத்தெலும்புகளோ இன்னும் முழுதாகக் கெட்டிப்படாதவை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த சின்னக் குழந்தைக்கு மோதலில் உடல் வாரில் நின்றுவிட, அந்தக் கனத்த தலை மட்டும் முன்னால் பாய்கிறது. பின்பக்கம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஓடு ஒருசேர ஏந்திக்கொள்கிறது. 1960களில் ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் பின்பக்கம் பார்த்த குழந்தைச் சீட்டை வடிவமைத்தபோது, விண்வெளி வீரர்கள் முதுகால் விசையைத் தாங்கும்படி படுத்து உட்காருவதைப் பார்த்துத்தான் அந்த யோசனைக்கு வந்தார். ஸ்வீடனில் 25 கிலோ வரை பின்பக்கம் பார்த்து உட்காரவைக்கும் சீட்டுகள் இன்றும் உண்டு.

வயதும் அடையாளம் அல்ல. "ஒரு வயது ஆகிவிட்டது, திருப்பிவிடலாம்" என்ற பழைய கணக்கை மறந்துவிடுங்கள். ஆர்129 விதியில் 15 மாதத்துக்கு முன்னால் திருப்பவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011இல் இரண்டு வயது வரை என்று சொன்னது, 2018இல் அந்த வயதையும் எடுத்துவிட்டு, சீட்டின் எடை அல்லது உயர வரம்பு முடியும் வரை பின்பக்கம் பார்த்தே வையுங்கள் என்று மாற்றிக்கொண்டது. எடை வரம்பைத் தெரிந்துகொள்வதற்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்தது அதனாலும்தான். இதோடு சேர்த்து ஒன்று: பின்பக்கம் பார்த்த சீட்டை, இயங்கும் ஏர்பேக் உள்ள முன்சீட்டில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

வயதுக்கு மீறி எடையுள்ள குழந்தை

இரண்டரை வயதிலேயே 18 கிலோவைத் தொட்டுவிடும் குழந்தைகள் உண்டு. அவர்களின் பெற்றோர் படும் பாடு தனி. வார் உள்ள சீட்டின் எடை வரம்பு முடிந்துவிட்டது, ஆனால் பூஸ்டரில் உட்காரக் குழந்தை தயாராக இல்லை. எடையைப் பார்த்தால் பூஸ்டருக்கு 15 கிலோ போதும் என்று லேபிளில் இருக்கும். அதை நம்பி மாற்றிவிடாதீர்கள்.

பூஸ்டரில் குழந்தையைப் பிடிப்பது காரின் பெல்ட் மட்டுமே. வழி முழுக்கக் குனியாமல், சாயாமல், பெல்ட்டைக் கைக்கு அடியில் தள்ளிவிடாமல் உட்கார வேண்டும். இரண்டரை வயதுக் குழந்தைக்கு அது முடியாது, தூங்கினால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். இடுப்பெலும்பின் முன்முனையும் அந்த வயதில் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு வளர்ந்திருக்காது. மோதலில் பெல்ட் மேலே ஏறி வயிற்றை அறுக்கும். குறைந்தது நான்கு வயதாவது ஆகாமல் பூஸ்டரைப் பற்றி யோசிக்க வேண்டாம், ஐந்தோ ஆறோ ஆனால் இன்னும் நல்லது.

அப்படியானால் வழி என்ன? வாரின் எடை வரம்பு கூடுதலாக உள்ள சீட். 25 கிலோ வரை பின்பக்கம் பார்த்து வைக்கும் ஸ்வீடன் பாணிச் சீட்டும், 65 பவுண்டு வரை வாரோடு உட்காரவைக்கும் அமெரிக்கச் சீட்டும் இந்தக் குழந்தைகளுக்காகவே இருப்பவை போல. எது வாங்கினாலும் நீங்கள் ஓட்டும் நாட்டில் அது அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். குழந்தை பெரிய உடல்வாகு என்று முன்பே தெரிந்தால், முதல் சீட் வாங்கும்போதே கூடுதல் வரம்புள்ளதாக எடுப்பது பணத்துக்கும் நல்லது.

பெரிய பிள்ளைகளிடமும் இதே சிக்கல் வரும். ஆர்44 பூஸ்டரின் உச்ச வரம்பு 36 கிலோ. எட்டு வயதில் 37 கிலோ, உயரம் 130 செ.மீ. என்று ஒரு பிள்ளை இருந்தால், எடைப்படி பூஸ்டர் முடிந்தது, உயரப்படி பெல்ட் பொருந்தாது. இவர்களுக்கு ஆர்129 பூஸ்டர் பொருத்தம். அது 150 செ.மீ. வரை உயரத்தை மட்டுமே கணக்கில் கொள்வது, எடை வரம்பு பெரும்பாலும் இருக்காது.

பூஸ்டரையும் விட்டு இறங்கும் நேரம்

பல நாடுகளின் சட்டங்கள் 135 முதல் 150 செ.மீ. வரை ஏதாவது ஓர் உயரத்தைச் சொல்கின்றன. நடைமுறையில் 145 செ.மீ. வாக்கில்தான் பெரியவர்களின் பெல்ட் பொருந்தத் தொடங்குகிறது, அது எட்டு வயதிலும் வரலாம், பன்னிரண்டிலும் வரலாம். பிள்ளையைப் பூஸ்டர் இல்லாமல் பின்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். முதுகு முழுதும் சீட்டோடு ஒட்டியிருக்கும்போது முழங்கால் சீட்டின் நுனியில் மடங்குகிறதா? கீழ் பெல்ட் வயிற்றில் ஏறாமல் தொடையின் மேற்பகுதியில் படிகிறதா? மேல் பெல்ட் கழுத்தை உரசாமல், தோளின் நுனியிலும் தொங்காமல், நடுத்தோளில் போகிறதா? இப்படியே வழி முழுக்க உட்கார முடிகிறதா? ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் பூஸ்டர் இன்னும் தேவை. ஒரு காரில் பொருந்தும் பெல்ட் இன்னொரு காரில் பொருந்தாமல் போவதும் உண்டு, அதனால் தாத்தா வீட்டுக் காரில் தனியாகப் பாருங்கள்.

இன்றே வரம்பு தாண்டியிருப்பது தெரிந்தால்

முதலில் பதற வேண்டாம். சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. அதே சீட்டில் வேறு நிலைக்கு மாற்ற முடியுமா, தோள் வாரை இன்னும் ஒரு துளை ஏற்ற முடியுமா, தலையணைப் பகுதியை உயர்த்த முடியுமா என்று மேனுவலோடு உட்கார்ந்து பாருங்கள். வார் ஒருபோதும் மேலே ஏற்றப்படாமல், வாங்கிய அன்று இருந்த துளையிலேயே கிடப்பது பல வீடுகளில் நடக்கிறது. இவற்றில் எதுவும் முடியாது, எடையே தாண்டிவிட்டது என்றால், புதிய சீட் வரும் வரை தேவையில்லாத பயணங்களைத் தள்ளிப்போடுங்கள். ஒன்றிரண்டு வாரம் மட்டும் காரை எடுக்காமல் சமாளிப்பது பெரிய விஷயமில்லை.

பழைய சீட்டை என்ன செய்வது?

தம்பிக்கோ தங்கைக்கோ வைத்துக்கொள்ளும் முன் காலாவதித் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் செய்த நாளிலிருந்து 6 முதல் 10 வருடம் வரை இருக்கும், ஓட்டின் அடியில் பொறித்திருப்பார்கள். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளியே தெரியாமலே பலம் இழக்கும். ஒரு பெரிய மோதலில் இருந்த சீட் என்றால், பார்க்க நன்றாக இருந்தாலும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வேறொருவரிடம் இருந்து வாங்கினாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள், பதில் சரியாக வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தேதி முடிந்த சீட்டைக் குப்பையில் போடும்போது கத்தரிக்கோலால் வார்களை வெட்டிவிட்டு, ஓட்டின் மேல் மார்க்கரால் 'பயன்படுத்தக் கூடாது' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். என் மகளின் அந்தச் சீட்டை நான் அப்படித்தான் செய்தேன். வாசலில் வைத்த பத்து நிமிடத்துக்குள் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்தார், வெட்டிய வாரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.